இன்டர்ன்ஷிப்: முதலில் வேலை, அப்புறம் அறிவிப்பு

இன்டர்ன்ஷிப் அறிவிப்பு போட்டதும் நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. பிரித்துப் பார்த்தால் நேர்காணலுக்குக் கூப்பிடத் தோதாக ஐந்து பேர்கூடத் தேறுவதில்லை. இப்படிக் குறைப்படாத நிறுவனம் அரிது. பழி வழக்கமாக மாணவர்கள் தலையில் விழும். ஆனால் அந்த அறிவிப்பை எடுத்துப் படித்தாலே காரணம் தெரிந்துவிடும்: "ஆர்வமும் துடிப்பும் உள்ள மாணவர்கள் தேவை. கற்றுக்கொள்ள அரிய வாய்ப்பு. சான்றிதழ் வழங்கப்படும்." என்ன வேலை, யாருடன், எத்தனை வாரம், கையில் என்ன கிடைக்கும் என்று ஒரு வரிகூட இருக்காது.

நன்றாகப் படிக்கிற, கையில் திறமை உள்ள மாணவருக்கு வேறு வழிகள் உண்டு. பேராசிரியரின் ஆய்வில் சேரலாம், அடுத்த தேர்வுக்குப் படிக்கலாம், இன்னொரு நிறுவனத்துக்குப் போகலாம். அதனால் அவர் பத்து அறிவிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, மூன்று நான்குக்கு மட்டும் உட்கார்ந்து யோசித்து எழுதுவார். வெற்று அறிவிப்பைத் தாண்டிப் போய்விடுவார். கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்புகிறவர்தான் அதற்கும் அனுப்புவார். ஆகவே எத்தனை விண்ணப்பம் வந்தது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது பேர் விண்ணப்பித்து, அதில் பன்னிரண்டு பேர் வேலையைப் புரிந்துகொண்டு எழுதியிருந்தால், அறுநூறு ரெஸ்யூமே கொண்டுவந்த அறிவிப்பைவிட அது எவ்வளவோ மேல்.

வாசகத்தை மட்டும் மெருகேற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அறிவிப்பு வெற்றாக இருக்கக் காரணம், அதன் பின்னால் வேலை இன்னும் முடிவாகவில்லை என்பதுதான். "இரண்டு பேரை எடுப்போம், வந்தபிறகு ஏதாவது கொடுத்துக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் அறிவிப்பில் எழுத எதுவும் இருக்காது. வேலையையும் வழிகாட்டியையும் காலத்தையும் முதலில் உறுதி செய்துவிட்டால் அறிவிப்பு ஒரு மணி நேரத்தில் எழுதி முடிகிற காரியம்.

எந்த வேலையைக் கொடுப்பது

எந்த அலுவலகத்திலும், ஆய்வகத்திலும், தொண்டு நிறுவனத்திலும் "செய்தால் நன்றாக இருக்கும், ஆனால் யாருக்கும் நேரமில்லை" என்கிற வேலைகள் உண்டு. அவற்றை ஆண்டு முழுக்க ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரம் போதும்: முடிவில் என்ன வெளிவர வேண்டும், அது யாருக்குத் தேவை, எந்தத் தரவும் கருவியும் வேண்டும், யார் வழிகாட்டுவார். இப்படிச் சேர்த்து வைக்காமல் கடைசி நேரத்தில் யோசித்தால் இரண்டு வகைதான் கிடைக்கும். ஒன்று, யாருக்கும் பிடிக்காத எடுபிடி வேலை. மற்றொன்று, "செயற்கை நுண்ணறிவை நமக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராயுங்கள்" போன்ற கரை காணாத வேலை. இரண்டாவது கேட்கப் பெரிதாக இருக்கும். பத்தாவது வாரம் அந்த மாணவர் கையில் முப்பது ஸ்லைடு இருக்கும், வேறொன்றும் இருக்காது.

வேலையின் அளவைக் கணக்குப் போட்டே தீர்மானிக்க வேண்டும். பத்து வாரம், வாரத்துக்கு 40 மணி என்றால் மொத்தம் 400 மணி. முதல் வாரம் அறிமுகத்துக்கும் லாகின் வாங்குவதற்குமே போய்விடும். கடைசி வாரம் ஆவணப்படுத்தவும் ஒப்படைக்கவும். மிச்சம் எட்டு வாரம், அதாவது 320 மணி. அதில் கூட்டங்கள், பயிற்சி என்று வாரம் 6 மணி வீதம் 48 மணியைக் கழியுங்கள். இரண்டு நாள் விடுப்புக்கு 16 மணி. நிஜமாக வேலைக்குக் கிடைப்பது 256 மணிதான். அனுபவமுள்ளவர் செய்ய எடுக்கும் நேரத்தைப் போல மூன்று மடங்கு ஒரு புதியவருக்கு ஆகும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆக, உங்கள் குழுவில் ஒருவர் இரண்டு வாரத்தில், சுமார் 80 மணியில் முடிக்கக்கூடிய வேலைதான் பத்து வார இன்டர்ன்ஷிப்புக்குச் சரியான அளவு. பெரும்பாலோர் இதைப்போல மூன்று நான்கு மடங்கு பெரிய வேலையைக் கொடுத்துவிட்டு, மாணவர் முடிக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

வேலையை மணிக்கணக்கில் அளந்து அறிவிப்பது புதிதல்ல. 2005 முதல் நடந்துவரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) குழுக்கள் தங்கள் புராஜெக்டுகளை 90, 175, 350 மணி என்ற அளவுகளில் வகைப்படுத்தி அறிவிக்கின்றன. இந்த ஒரு எண்ணைப் பார்த்தே, தன் செமஸ்டரோடு இது ஒத்துவருமா என்று மாணவர் முடிவு செய்துகொள்ள முடிகிறது.

அளவு சரியாக இருந்தாலும் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்து வைப்பது நல்லது. ஓர் உதாரணம்: ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஐந்து ஆண்டுக் களஆய்வுத் தரவு இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வடிவில். முதல் அடுக்கு: ஓர் ஆண்டின் தரவை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, எந்த நெடுவரிசைக்கு என்ன பொருள், விடுபட்ட மதிப்பை எப்படிக் குறிப்பது என்று விதிகளை எழுதுவது. இது மட்டும் முடிந்தாலே நிறுவனத்துக்குப் பயன் உண்டு. இரண்டாவது அடுக்கு: அந்த விதிகளை மற்ற நான்கு ஆண்டுகளுக்கும் பொருத்துவது. மூன்றாவது: களப்பணியாளர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வரைபடப் பக்கம். மெதுவாகப் போகிறவர் முதல் அடுக்கோடு நின்றாலும் முழுமையான ஒன்றை முடித்திருப்பார். வேகமாகப் போகிறவர் ஏழாவது வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. தொழிற்சாலையில் இதே முறையில் ஓர் இயந்திரத்தின் நிறுத்த நேரப் பதிவேட்டை எடுக்கலாம். நூலகத்தில் ஒரு நன்கொடைத் தொகுப்புக்கு அட்டவணை போடலாம்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிக அடிக்கடி நடப்பது, அவசர வேலையை இன்டர்ன் கையில் கொடுப்பது. அடுத்த மாதம் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டிய ஒன்று தாமதமானால் வழிகாட்டி பதறிப்போய் அதைத் தானே பிடுங்கிச் செய்வார். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஆகவே ஒருவருக்கு உண்மையிலேயே தேவையான, ஆனால் இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் குடிமுழுகாத வேலையாகப் பாருங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: யாருக்குமே தேவைப்படாத வேலை. அதை மாணவர் மூன்றாவது வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார், கேள்வி கேட்கும்போது யாரும் ஆர்வமாகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால். கடைசி வாரம் நடக்கப்போகும் விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து அந்த முடிவை வாங்கிக்கொள்ளப்போகிறவர் யார் என்று பெயரோடு எழுத முடியவில்லை என்றால் அந்த வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அனுமதி. தனிநபர் விவரங்கள் உள்ள தரவு, நோயாளி பதிவுகள், கட்டணம் கட்டி வாங்க வேண்டிய மென்பொருள் உரிமம், ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வர வாரக்கணக்கில் ஆகும். பத்து வாரத்தில் ஆறு வாரம் ஒப்புதலுக்காகக் காத்திருந்து கழிகிற இன்டர்ன்ஷிப்புகள் உண்மையில் நடக்கின்றன. தொடக்க நாளுக்கு இரண்டு வாரம் முன்புவரை ஒப்புதல் கைக்கு வரவில்லையென்றால் வேலையையே மாற்றிவிடுங்கள், நம்பிக்கையில் காத்திருக்க வேண்டாம். இரண்டு இன்டர்ன்களுக்கு ஒரே வேலையைப் பங்குபோடும்போது ஒருவர் முடித்தால்தான் மற்றவர் தொடங்க முடியும் என்ற ஏற்பாடும் ஆகாது. முதலாமவருக்குக் காய்ச்சல் வந்தால் இருவருமே நின்றுபோவார்கள்.

மாணவர் பிறகு எதைக் காட்ட முடியும் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். அடுத்த நேர்காணலில் "ரகசியம், சொல்ல முடியாது" என்று மட்டுமே சொல்ல முடிகிற வேலையை நல்ல மாணவர்கள் தயங்கித்தான் எடுப்பார்கள். உண்மையான எண்களை நீக்கிய ஒரு சுருக்க அறிக்கையோ, மாதிரித் தரவில் ஓடும் நிரலோ அவர் வெளியே காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுத்து, அதை அறிவிப்பிலேயே குறிப்பிடுங்கள்.

எடுபிடி வேலையே கூடாது என்று சொல்லவில்லை. எல்லா வேலையிலும் சலிப்பான பகுதி இருக்கிறது. அது எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னால் போதும். "வாரத்தில் ஒரு நாள் தரவு உள்ளீடு, மற்ற நான்கு நாள் பகுப்பாய்வு" என்று படிக்கும் மாணவர் ஓடிப்போக மாட்டார். சொல்லாமல் வைத்திருந்து வந்த பிறகு கொடுத்தால்தான் ஏமாந்ததாக நினைப்பார். அவர் கல்லூரிக்குத் திரும்பிப் போய்ச் சொல்வதைத்தான் அடுத்த ஆண்டு மாணவர்கள் நம்புவார்கள்.

வழிகாட்டியின் நேரம்

வழிகாட்டி யார் என்று முடிவாகாத இடத்துக்கு அறிவிப்பே போடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதல் இரண்டு வாரம் ஓர் இன்டர்னுக்கு வாரம் 6 முதல் 8 மணி நேரம் தேவைப்படும். அதன்பிறகு 3, 4 மணி போதும். ஒரு வழிகாட்டியிடம் இரண்டு இன்டர்ன்களுக்கு மேல் ஒப்படைத்தால் இந்த நேரம் கிடைக்காது. வழிகாட்டியின் மேலாளரிடம் பேசி, அவருடைய வழக்கமான வேலையிலிருந்து இத்தனை மணியைக் குறைத்துக்கொள்ள ஒப்புதல் வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டால் வழிகாட்டி தன் வேலையையும் மாணவரையும் மாறி மாறிப் புறக்கணிக்க வேண்டிவரும்.

குழுவிலேயே மிகத் திறமையானவர்தான் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர் பல நேரம் இன்னும் பொருத்தமாக இருப்பார். தொடக்கத்தில் எது புரியாது என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். அவருடைய விடுப்பு நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நாட்களுக்கு மாற்று வழிகாட்டி ஒருவரையும் குறித்து வையுங்கள்.

பணம்

ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் திறமைசாலிகளே இல்லை என்பதல்ல. பத்து வாரம் வருமானமில்லாமல் இருக்க வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே அதற்கு வர முடியும். பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவர் அறிவிப்பைப் பார்த்த நொடியே விலகிக்கொள்வார். அவர் விலகியது உங்களுக்குத் தெரியவும் வராது, ஏனென்றால் அவர் விண்ணப்பமே அனுப்பியிருக்க மாட்டார். படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் முறையை ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோதே மாணவர்கள் தொழிற்சாலைகளில் கூலி வாங்கித்தான் வேலை செய்தார்கள். நெடுங்காலம் ஊதியமில்லாமல் இன்டர்ன்களை எடுத்துவந்த பெரிய இடங்களும் மாறியிருக்கின்றன: உலக சுகாதார நிறுவனம் 2020-இல் உதவித்தொகை தரத் தொடங்கியது, அமெரிக்க வெள்ளை மாளிகை 2022-இல் ஊதியம் தரத் தொடங்கியது.

தொகை எவ்வளவு என்பதற்குத் தொடக்க நிலை ஊழியரின் மாதச் சம்பளத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டின் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்ச ஊதியம் பற்றியும் பயிற்சியாளர் பற்றியும் என்ன சொல்கிறது என்பதை ஒரு சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் அறை வாடகை, போக்குவரத்து, சாப்பாடு மூன்றையும் அந்தத் தொகையில் சமாளிக்க முடியுமா என்று கூட்டிப் பாருங்கள். முடியாதென்றால் தொகையைக் கூட்டுங்கள், அல்லது வேலையைத் தொலைவிலிருந்து செய்யும்படி மாற்றுங்கள், இரண்டும் இயலாவிட்டால் உள்ளூர் மாணவர்களுக்கு மட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கொடுக்கும் நாளும் தொகை அளவுக்கு முக்கியம். "முடிவில் மொத்தமாகத் தருவோம்" என்றால் முதல் மாத வாடகைக்கு அவர் கடன் வாங்க வேண்டும். மாதாமாதம் கொடுங்கள். வங்கிக் கணக்கு விவரம், அடையாள ஆவணம் போன்றவற்றைச் சேரும் நாளுக்கு முன்பே வாங்கிப் பதிந்துவிட்டால் முதல் மாதத் தொகை தாமதமாகாது.

இன்னொன்று: பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத் தொகை என்று எந்தப் பெயரிலும் மாணவரிடம் பணம் கேட்கக்கூடாது. மோசடிக்காரர்கள் வழக்கமாக இப்படித்தான் கேட்கிறார்கள் என்று மாணவர்களுக்குத் தெரியும். விவரமானவர் அதைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போவார். அவர்கள் வேறு சிலவற்றையும் சரிபார்க்கிறார்கள்: மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா, இணையதளத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா, வழிகாட்டி என்று ஒருவர் உண்மையில் அங்கே வேலை செய்கிறாரா.

அறிவிப்பை எழுதுவது

இவ்வளவும் முடிந்த பிறகு அந்தத் தொண்டு நிறுவனத்தின் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"களஆய்வுத் தரவு இன்டர்ன் – 10 வாரம், முழு நேரம், உதவித்தொகையுடன். எங்களிடம் ஐந்து ஆண்டுக் களஆய்வுத் தரவு வெவ்வேறு வடிவில் இருக்கிறது. களப்பணிக் குழு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் தவிக்கிறது. நீங்கள் முதலில் ஓர் ஆண்டுத் தரவைச் சுத்தம் செய்து விதிகளை எழுதுவீர்கள், பிறகு மற்ற ஆண்டுகளுக்கு அவற்றைப் பொருத்துவீர்கள். தரவுக் குழுவில் மூன்றாண்டு அனுபவமுள்ள ஒருவர் உங்கள் வழிகாட்டி. தினமும் 15 நிமிடம், வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் பேசுவீர்கள். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை: ஸ்ப்ரெட்ஷீட்டில் வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல், ஏதாவது ஒரு நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறந்து படிக்கும் அளவு பழக்கம். புள்ளியியலும் வரைபடம் வரைவதும் நாங்கள் சொல்லித் தருவோம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் கையால் சரிபார்க்கும் சலிப்பான வேலை."

இதற்குக் கீழே தனித்தனி வரிகளாகத் தொடக்க நாள், முடிவு நாள், வேலை நேரம், இடம், மாதத் தொகை, விண்ணப்பக் கடைசி நாள், முடிவு சொல்லும் நாள், கேள்வி கேட்க ஒரு முகவரி. தொகையின் இடத்தில் "தகுதிக்கேற்ப" என்று எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

தகுதிப் பட்டியலில்தான் நல்ல மாணவர்களை அதிகமாக இழக்கிறோம். குழுவில் ஆளுக்கொன்று சேர்த்துச் சேர்த்துப் பன்னிரண்டு தகுதிகள் ஆகிவிடும். அந்தப் பன்னிரண்டும் உள்ளவருக்கு இன்டர்ன்ஷிப் எதற்கு? ஒவ்வொரு தகுதியையும் எடுத்து "இது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே வேலை நின்றுபோகுமா?" என்று கேளுங்கள். நிற்காது என்றால் அது "சொல்லித் தருவோம்" பக்கம் போக வேண்டும். கட்டாயத் தகுதிகள் மூன்று நான்குக்கு மேல் மிஞ்சாது. பட்டியலில் உள்ள எல்லாம் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கும் கவனமான மாணவர்கள் ஏராளம். நீளப் பட்டியல் முதலில் அவர்களைத்தான் விரட்டும். "முன் அனுபவம் அவசியம்" என்ற வரிக்கு இன்டர்ன்ஷிப் அறிவிப்பில் இடமே இல்லை. குறிப்பிட்ட மதிப்பெண் வரம்பும் அப்படித்தான். வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உங்களால் விளக்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

சொற்களும் ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். வேலை அறிவிப்புகளில் போட்டி, ஆதிக்கம் போன்ற ஆண்மை சார்ந்ததாகக் கருதப்படும் சொற்கள் நிறைந்திருந்தால், அந்த இடம் தங்களுக்கானதல்ல என்று பெண்களுக்குத் தோன்றுகிறது என்பதை கௌச்சர், ஃபிரீசன், கே ஆகியோரின் ஆய்வு 2011-இல் காட்டியது. வேலையைச் செய்யும் திறன் தங்களுக்கு இருக்கிறதா என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை, அங்கே ஒட்ட முடியுமா என்பதில்தான் வந்தது. "கோடிங் நிஞ்சா", "அடித்து நொறுக்கும் ஆளுமை" வகையறாக்களை எடுத்துவிட்டு என்ன செய்வார் என்பதை வினைச்சொல்லில் எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எப்போது, யார் வழியாக

தொடக்க நாளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் முன்பு அறிவிப்பு வெளியாக வேண்டும். விரைவாக ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் இன்னும் முன்பே தொடங்கிவிடுகின்றன. அவற்றோடு பணத்தில் போட்டியிட முடியாத சிறு நிறுவனம் ஒரு மாதம் முன்னால் விழித்துக்கொண்டால் நல்லவர்கள் எங்கோ ஒப்புக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பிக்க மூன்று, நான்கு வாரம் கொடுங்கள். கடைசி நாள் தேர்வு வாரத்தில் விழாதபடி கல்லூரி நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரத்தில் படிப்பை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுத நேரம் உள்ளவரையா நீங்கள் தேடுகிறீர்கள்?

கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கு அனுப்பினால் அது எல்லோருக்கும் போகும், யாரும் குறிப்பாகக் கவனிக்க மாட்டார்கள். அந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குத் தனியாக எழுதுங்கள். வேலை என்ன என்று நான்கு வரி, அறிவிப்பின் இணைப்பு, "இதில் ஆர்வம் காட்டக்கூடிய ஓரிருவருக்குச் சொல்ல முடியுமா" என்று ஒரு வேண்டுகோள். ஆசிரியர் நேரில் கூப்பிட்டு "நீ இதற்கு எழுதிப்பார்" என்று சொல்லும்போது, தன்னால் முடியாது என்று ஒதுங்கியிருக்கும் மாணவர்கூட விண்ணப்பிப்பார். மாணவர் மன்றங்கள், பாடம் சார்ந்த குழுக்கள், முந்தைய ஆண்டு இன்டர்ன்கள் ஆகியோரும் இதுபோலவே. வழக்கமாக எடுக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளோடு நின்றுவிடாமல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓரிரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வழிகாட்டியே ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் இரட்டைப் பலன். வேலை தனக்குப் பொருந்தாது என்று உணர்கிறவர் தானே விலகுவார். மற்றவர் இன்னும் தெளிவாக எழுதுவார்.

தேர்வு

விண்ணப்பப் படிவத்தை 20 நிமிடத்தில் நிரப்ப முடிய வேண்டும். ரெஸ்யூமேயில் உள்ளதையே மறுபடி கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்யச் சொன்னால் நிறைய பேர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். ரெஸ்யூமேயோடு இரண்டு கேள்வி போதும். "எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்" என்று கேட்டால் இன்று எல்லோருக்கும் சாட்பாட் ஒரே மாதிரி பதில் எழுதிக் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக, "நீங்கள் செய்த ஏதாவது ஒன்றில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த கட்டம் எது, ஏன் அதைத் தேர்ந்தீர்கள், இப்போது செய்தால் எதை மாற்றுவீர்கள்? 150 சொல்லுக்குள்" என்று கேளுங்கள். இதையும் சாட்பாட்டால் எழுத முடியும், ஆனால் நேர்காணலில் அதே விஷயத்தைத் தோண்டிக் கேட்டால் உண்மை இரண்டு நிமிடத்தில் வெளிவந்துவிடும். கல்லூரி புராஜெக்ட்தான் வேண்டும் என்றில்லை, விழா ஏற்பாடோ குடும்பக் கடைக் கணக்கோகூட ஆகலாம் என்றும் எழுதிவிடுங்கள்.

மாதிரிப் பணி கொடுப்பதென்றால் முதல் வடிகட்டலில் தேறியவர்களுக்கு மட்டும், இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல். நிறுவனத்தின் உண்மையான வேலையைத் தேர்வு என்ற பெயரில் செய்யவைத்து வாங்கிக்கொள்வது அநியாயம். அப்படிச் செய்யும் இடங்களின் பெயர் மாணவர்களிடையே வேகமாகப் பரவும். திறமூல மென்பொருள் துறையில் உதவித்தொகையுடன் இன்டர்ன்ஷிப் நடத்தும் அவுட்ரீச்சி திட்டம் வேறு வழியில் போகிறது: தேர்வுக்கு முன் விண்ணப்பதாரர்கள் திறமூல புராஜெக்டுகளுக்குச் சிறு பங்களிப்புகளைச் செய்கிறார்கள். அந்தப் பங்களிப்பு பொதுவெளியில் அவர்கள் பெயரிலேயே நிற்கிறது, வழிகாட்டியோடு பேசிப் பழகவும் வாய்ப்பாகிறது.

நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் அளவு. 2022-இல் ஆள்தேர்வு முறைகளை ஆராயும் உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவரது சகாக்களும் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது, திட்டமிட்ட நேர்காணலுக்கும் பிறகு வேலையில் காட்டும் திறனுக்கும் இடையே .42 தொடர்பு இருந்தது. போகிற போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு அது .19 மட்டுமே. (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்.) இரண்டு பேர் நேர்காணல் செய்தால், பேசிக்கொள்ளும் முன்பே தனித்தனியாக மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் இளையவர் தன் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்வார். நேர்காணலின் கடைசிப் பத்து நிமிடத்தை மாணவரின் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள், அவரும் உங்களைத் தேர்ந்தெடுக்கத்தான் வந்திருக்கிறார்.

கடைசி நாளுக்குப் பின் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லிவிடுங்கள். தேர்வாகாத எல்லோருக்கும் பதில் போக வேண்டும், நேர்காணல் வரை வந்தவர்களுக்கு ஏன் என்று இரண்டு வரி சேர்த்து. அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு இன்னும் தேறி வருவார்கள், பதில் போட்டிருந்தால்.

ஒப்புக்கொண்ட பிறகு

தேர்வானவர் ஒப்புக்கொண்டதற்கும் சேரும் நாளுக்கும் இடையே இரண்டு மூன்று மாதம் மௌனமாக இருந்தால் சிலர் வேறிடம் போய்விடுவார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு முறை வழிகாட்டி ஒரு சிறு மடல் அனுப்பினால் போதும்: முதல் வாரத் திட்டம், விருப்பமிருந்தால் படிக்க ஒரு கட்டுரை, தங்குமிடம் தேட உதவி. முன்கூட்டியே வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள், அது சம்பளமில்லாத வேலை. லேப்டாப், லாகின், இருக்கை, நுழைவு அட்டை நான்கும் முதல் நாள் காலை தயாராக இருக்க வேண்டும். முதல் வெள்ளிக்கிழமைக்குள் சிறிதாக ஏதாவது ஒன்றை முடித்துக் குழுவுக்குக் காட்டும்படி திட்டமிடுங்கள்.

ஐந்தாவது வாரத்தில் ஓர் இடைக்கால மதிப்பீடு: எது நன்றாகப் போகிறது, எது மாற வேண்டும், மூன்று அடுக்கில் எது வரை போகலாம். குறை இருந்தால் இப்போது சொன்னால்தான் திருத்திக்கொள்ள வாரங்கள் மிச்சமிருக்கும். மாணவரிடமும் வழிகாட்டியைப் பற்றிக் கேளுங்கள், ஆனால் கேட்பவர் வழிகாட்டியாக இருக்கக்கூடாது.

முடிவில் தரும் கடிதத்தில் "நன்னடத்தையுடன் பணியாற்றினார்" என்று எழுதினால் அது எங்கும் உதவாது. என்ன செய்தார், எந்தக் கருவியால், விளைவு என்ன, இப்போது யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நான்கு வாக்கியம் எழுதுங்கள். நினைவு பசுமையாக இருக்கும்போது, கடைசி நாளுக்கு முன்பே. நிரந்தர வேலை தரும் எண்ணம் இருந்தால் எந்தத் தேதிக்குள் தெரியும் என்று சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் அதையும் எட்டாவது வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கும்.